கிளி கறுத்துப்போன வாரம்

சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு அட்டை செய்துகொண்டிருந்தேன். ஓவியர் வரைந்து அனுப்பிய பச்சைக்கிளி, வெள்ளைப் பின்னணி, மேலே தலைப்பு, அவ்வளவுதான். இரவு கோப்பை மூடும்போது கிளி கிளியாகத்தான் இருந்தது. காலையில் திறந்தால் அலகு மட்டும் சிவப்பு, உடம்பெல்லாம் கரி. வெள்ளையாக விட்ட இடம் முழுக்கப் பளீரென்று மெஜந்தா.

மானிட்டர் கேபிள்தான் காரணம் என்று தெரிய எனக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் நான் அடித்த கூத்தை எழுதி வைத்தால் வேறு யாருக்காவது ஒரு நாள் மிச்சமாகலாம்.

என் முதல் சந்தேகம் ஓவியர் மேல். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பி, "அண்ணா, கிளியை ஏன் கறுப்பாக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பச்சையாத்தானேம்மா இருக்கு?"

"நான் அனுப்பினதைத் திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். நல்ல பச்சை."

இன்னொரு தடவை அனுப்பினேன். இன்னொரு தடவையும் பச்சை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்கிறியாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது. ஸ்கிரீன்ஷாட் என்பது கணினி தன் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பிரதி. கேபிளுக்குள் படம் இறங்குவதற்கு முன்பே அது எடுக்கப்பட்டுவிடுகிறது. அதே படத்தை என் போனில் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் கோப்பு, சாஃப்ட்வேர், டிரைவர் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் குற்றவாளிப் பட்டியலிலிருந்து அடித்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. கண் மருத்துவரைப் பார்க்கலாமா என்று மட்டும் யோசித்தேன்.

முதல் நாள் கலர் ப்ரொஃபைலை மாற்றினேன். கிராபிக்ஸ் டிரைவரை நீக்கித் திரும்பப் போட்டேன். மூன்று தடவை ரீஸ்டார்ட். கணினி தொடங்கும்போது வரும் முதல் எழுத்துகளே மெஜந்தா சாயலில்தான் வந்தன. டிரைவர் ஏறுவதற்கு முன்பே நிறம் பிசகியிருக்கிறது என்றால் டிரைவர் என்ன பாவம் செய்தது? இதுவும் கண்ணெதிரே நடந்தது, மண்டையில் ஏறவில்லை.

இரண்டாம் நாள்தான் கேபிள் ஞாபகம் வந்தது. அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு மானிட்டர், விஜிஏ என்ற பழைய வகைச் சாக்கெட் மட்டும் உள்ளது. மேசையின் கீழ் டிராயரில் பாம்புக் குட்டிகள் மாதிரிச் சுருண்டு கிடக்கும் கேபிள்களில் ஒரு விஜிஏவைத் தேடி எடுத்து மாட்டினேன். வெள்ளைப் பின்னணி இப்போது வெளிர்நீலம், அச்சுக்காரர்கள் சொல்லும் சியான். கிளிக்குப் பச்சை திரும்பி வந்துவிட்டது, அலகு கறுத்துப்போயிருந்தது.

நான் என்ன முடிவு எடுத்தேன் தெரியுமா? "கேபிளை மாத்தியும் சரியாகல, அப்போ மானிட்டர்தான் போச்சு."

கேபிளை மாற்றியதும் நிறக்கோளாறும் மாறிவிட்டது. கேபிள் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வதற்கு இதைவிட வேறு வழி கிடையாது. மாற்றுக் கேபிள் நல்ல கேபிள் என்று நானாக நம்பிக்கொண்டதுதான் தப்பு. டிராயரில் அது ஏன் கிடந்தது? என்றைக்கோ தொல்லை கொடுத்ததால்தான் கழற்றிப் போட்டிருப்பேன். கெட்டதைத் தூக்கி எறிய மனம் வராமல் "இருக்கட்டும்" என்று உள்ளே தள்ளியிருப்பேன். மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். மாற்றுகிற பொருள் நல்லதென்று வேறொரு இடத்தில் மாட்டிப் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவர். கணினியை அவர் இன்றுவரை முழுசாக நம்புவதில்லை, ஆனால் ஒயர் என்றால் முகம் மலர்ந்துவிடும். திரையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மானிட்டர்ல மெனு பட்டன் இருக்கும்ல, அதை அமுக்கும்மா."

அமுக்கினேன். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று மெனு வந்தது. எழுத்து சுத்த வெள்ளை. அதைச் சுற்றியிருந்த படம் மட்டும் சியான்.

"மெனு மானிட்டருக்குள்ளயே உருவாகுறது. அது நல்லா இருந்தா திரை நல்லா இருக்கு. வெளியிலிருந்து வர்றதுதான் கெட்டு வருது. பழைய கேபிளை எடு."

மூன்று நாளாக எனக்கு எட்டாதது அவருக்கு ஒரு பட்டனில் எட்டிவிட்டது. மெனுவும் நிறம் மாறித் தெரிந்தால் மானிட்டரின் உள்கோளாறு, நம்மால் ஆவது குறைவு. மெனு சரியாக இருந்து படம் மட்டும் பிசகினால் பெரும்பாலும் கேபிள், சாக்கெட், கணினியின் கிராபிக்ஸ் என்று மூன்று இடம்தான்.

விஜிஏவை ஐபிஎம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. 15 பின், ஐந்தைந்தாக மூன்று வரிசை. முதல் பின்னில் சிவப்பு, இரண்டாவதில் பச்சை, மூன்றாவதில் நீலம், ஒவ்வொன்றும் தனி ஒயரில், 0 முதல் 0.7 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் அனலாக் சிக்னலாக. அதனால் ஒரு ஒயர் அறுந்தால் ஒரு நிறம் போகும், மற்றவை அப்படியே வரும். வெள்ளையில் பச்சை போனால் மிச்சம் மெஜந்தா. சிவப்பு போனால் சியான். நீலம் போனால் மஞ்சள். என் முதல் கேபிளில் பச்சை அறுந்திருக்கிறது, டிராயர் கேபிளில் சிவப்பு. கிளியும் அலகும் மாறி மாறிக் கறுத்தது இதனால்தான். நிறங்களைப் பற்றி நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவளுக்கு இது தோன்றாமல் போனதை அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

ஒன்பதாவது பின் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்ததைப் பார்த்து "இதுதான் உடைஞ்சிருக்கு" என்று நான் கத்தியதையும் சேர்த்துத்தான் சொல்லிக் காட்டுகிறார். பல விஜிஏ கேபிள்களில் அந்தப் பின் தயாரிக்கும்போதே இருக்காது. படத்துக்கு அது தேவையும் இல்லை.

அடுத்து அவர் செய்ததை நான் வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. கணினியை அணைத்தார். மானிட்டரின் மின்சார பிளக்கையும் பிடுங்கினார். விஜிஏ கேபிளின் ஒரு முனையை மானிட்டரிலேயே விட்டுவிட்டு, கணினி பக்க முனையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து, முதல் பின்னிலும் ஆறாவது பின்னிலும் முனைகளை வைத்தார். 75க்குப் பக்கத்தில் ஒரு எண். மூன்றிலும் எட்டிலும் வைத்தார். மறுபடி 75. இரண்டிலும் ஏழிலும் வைத்தார். ஒன்றும் இல்லை, திறந்த பாதை.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மானிட்டருக்குள் ஆளுக்கொரு 75 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. ஒயர் முழுசாக இருந்தால் மீட்டர் கேபிள் வழியாகப் போய் அந்த ரெசிஸ்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அறுந்திருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். கேபிளைக் கத்தரிக்காமல், மறுமுனையைத் தேடிப் பிடிக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த நிறம் அறுந்தது என்று தெரிந்துவிடுகிறது.

"இப்ப நீ கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சுக்கிட்டே வா. நான் மீட்டரைப் பார்க்கிறேன்."

மானிட்டர் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு விரற்கடை தூரமாக வளைத்து விட்டேன். நடுவில் எங்கும் அசைவில்லை. கணினி பக்க பிளக்குக்கு மூன்று விரல் தூரம் வரும்போது மீட்டரில் 75 மின்னி மறைந்தது. திரும்ப வளைத்தேன், மின்னியது. விட்டேன், மறைந்தது.

அந்த இடத்தில்தான் கேபிள் சுவரில் இடித்து மடிந்திருந்தது. கணினிப் பெட்டியை இடம் மிச்சப்படுத்துவதற்காகச் சுவரோடு சுவராகத் தள்ளி வைத்திருந்தேன். பெருக்கும்போது இழுப்பேன், திரும்பத் தள்ளுவேன். ஒவ்வொரு தடவையும் கேபிள் அதே இடத்தில் மடிந்து நிமிர்ந்திருக்கிறது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் என்ன ஆகும் என்பது சின்ன வயதில் எல்லோரும் செய்து பார்த்ததுதான். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இழை மட்டும் முறிந்து, முறிந்த இரண்டு நுனியும் சில சமயம் தொட்டும் சில சமயம் தொடாமலும் இருந்தன.

முழுசாகச் செத்த கேபிள் நல்லது என்பது என் கட்சி. "நோ சிக்னல்" என்று வரும், நாமும் வேறு கேபிளைப் பார்ப்போம். அரை உயிரில் கிடக்கும் கேபிள்தான் ஆளைக் கொல்லும். மேசையைத் தட்டினால் சரியாகும், முழங்கால் பட்டால் மோசமாகும், அதையெல்லாம் வைத்து நாம் மானிட்டரை, டிரைவரை, கடைசியில் நம் கண்ணையே சந்தேகப்படுவோம்.

புதுக் கேபிள் சொன்னேன், வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அட்டை மறுநாள் போக வேண்டும். அப்பா தன் டப்பாவை எடுத்துவரச் சொன்னார். அந்தத் தகர டப்பாவில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று யாருக்கும் தெரியாது. அதிலிருந்து சால்டர் செய்யக்கூடிய 15 பின் பிளக் ஒன்றும், அதற்கான மூடியும் வந்தன. எப்போது வாங்கினார் என்று கேட்டேன். "தேவைப்படும்னு தெரியும்" என்றார்.

முறிந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளி வெட்டினார். வெளியுறைக்குள் பின்னல் கம்பி, அதற்குள் வெள்ளித்தாள் மாதிரி ஒரு சுற்று, அதற்குள் சிவப்பு, பச்சை, நீல உறை போட்ட மூன்று மெல்லிய கோயாக்ஸ், கூடவே முடி மாதிரி நான்கைந்து ஒயர்கள். கோயாக்ஸ் என்றால் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதைச் சுற்றி இன்னொரு பின்னல். நடுக்கம்பி 1, 2, 3க்கு. அதனதன் பின்னல் 6, 7, 8க்கு. இவை எளிது. முடி ஒயர்களின் நிறத்தைத்தான் நம்பக் கூடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு ஒரு நிறம் போடுகிறார். மறுமுனை பிளக்கை மானிட்டரிலிருந்து கழற்றி, மீட்டரை பீப் சத்தத்துக்கு மாற்றி, 13ஆம் பின்னில் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். பீப் என்றால் பழைய தாளில் எழுதிக்கொள்வது. 13 கிடைமட்ட ஒத்திசைவு, 14 செங்குத்து ஒத்திசைவு, 12உம் 15உம் கணினியும் மானிட்டரும் பேசிக்கொள்ளும் ஒயர்கள். மிச்சம் கிரவுண்ட்.

சால்டரிங் என் வேலை. அவருக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்கும், ஒத்துக்கொள்ள மாட்டார். "நீ பழகணும்ல" என்று அயனை என்னிடம் கொடுத்தார். நடு வரிசையை முதலில் முடிக்கச் சொன்னார். வெளி வரிசை இரண்டிலும் ஒயர் ஏறிவிட்டால் நடுவில் அயன் முனை நுழையாது. ஒயர் நுனிக்கு முதலில் ஈயம் பூசு, பின் கிண்ணத்திலும் கொஞ்சம் ஈயம் நிரப்பு, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கு, ஈயம் பளபளவென்று ஓடினதும் அயனை எடு, ஆறுகிறவரை ஒயரை அசைக்காதே. சொல்லும்போது நான்கு வரி. செய்யும்போது அசைத்துவிடுவோம். ஒன்பது ஒயர் வைத்து முடித்த பிறகுதான், சால்டர் செய்வதற்கு முன்பே ஒயரில் மாட்டியிருக்க வேண்டிய, சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்த் துண்டுகள் மேசையில் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எல்லாவற்றையும் பிரித்து, குழாய் மாட்டி, மறுபடி வைத்தேன். பின்னுக்குப் பின் ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் மானிட்டரில் செருக விட்டார்.

படம் வந்தது. கிளி பச்சை, அலகு சிவப்பு, வெள்ளை வெள்ளை. ஆனால் கிளி குண்டாக இருந்தது. வாத்து மாதிரி.

ரெசல்யூஷனைப் பார்த்தால் 1024க்கு 768. என் மானிட்டர் 1920க்கு 1080. பட்டியலில் அந்த எண்ணே காணோம். சதுரத்துக்குப் பக்கமான படத்தை அகலத் திரையில் இழுத்துப் போட்டால் கிளி குண்டாகாமல் என்ன செய்யும்?

"12, 15 ரெண்டுல ஏதோ ஒண்ணு டிரை சால்டர்" என்றார் அப்பா, திரையைப் பார்க்காமலே. ஈயம் சரியாக உருகிப் பிடிக்காத இணைப்பைத்தான் அப்படிச் சொல்வார். கணினியை நம்பாதவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். நான் சால்டர் செய்துகொண்டிருந்தபோது போனில் படித்துக்கொண்டிருந்தாராம்.

மானிட்டருக்குள் சின்னதாக ஒரு நினைவகம் உண்டு. அதில் 128 பைட்டில் தன் ஜாதகத்தை எழுதி வைத்திருக்கும். யார் செய்தது, எந்த வருஷம், எந்தெந்த ரெசல்யூஷன் ஏற்கும். இதற்கு ஈடிஐடி (EDID) என்று பெயர். கணினி 12, 15 வழியாக அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் படம் அனுப்பும். அந்த ஒயரில் ஒன்று தொடாவிட்டால் எதிரில் இருப்பது யாரென்றே கணினிக்குத் தெரியாது. எந்த மானிட்டரும் தாங்கும் என்று பாதுகாப்பான ஒரு ரெசல்யூஷனைக் கொடுத்துவிட்டு இருந்துவிடும். திடீரென்று ரெசல்யூஷன் இறங்கிவிட்டால் எல்லோரும் டிரைவரைத்தான் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். 15ஆம் பின்னின் ஈயம் சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. அயனை வைத்து மறுபடி ஓடவிட்டேன், பளபளத்தது. கிளி இளைத்தது.

இன்னும் ஒரு குறை மிச்சம். பக்கத்தைத் திறந்து எழுத்தைப் பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளிக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு புள்ளி. 'க்' என்பதில் இரண்டு புள்ளி. பிழை திருத்துகிறவளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? சிக்னல் போகும் பாதை முழுக்க 75 ஓம் என்ற ஒரே குணத்தோடு இருக்க வேண்டும். நான் கோயாக்ஸை மூன்று சென்டிமீட்டருக்கு உரித்து, பின்னலை ஜடை மாதிரி முறுக்கி வைத்திருந்தேன். அந்த இடத்தில் குணம் மாறும். மாறிய இடத்தில் சிக்னலில் கொஞ்சம் முட்டித் திரும்பும், பிறகு தாமதமாக வந்து பக்கத்தில் நிழலாக விழும். பிரித்து, ஒரு சென்டிமீட்டருக்குள் உரித்து, மறுபடி வைத்தேன். நிழல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. மறுநாள் அட்டை போய்விட்டது, அதற்கு மறுநாள் புதுக் கேபிள் வந்தது. அதை மாட்டியதும் புள்ளி ஒன்றானது.

அதற்குப் பிறகு புது மானிட்டர் வாங்கினேன், பழையதைப் போல நாலு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே, படத்தை டிஜிட்டலாகக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிள். இனி நிறம் பிசகாது என்ற தைரியம். நிறம் பிசகவில்லை. வேறொன்று ஆரம்பித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தால் திரை அணைந்துவிடும். இரண்டு வினாடி கறுப்பு, பிறகு தானாக வரும்.

எழும்போது மேசை ஆடுகிறது, கேபிள் லூஸ் என்று நினைத்தேன். மேசையை வேண்டுமென்றே ஆட்டினேன், ஒன்றுமில்லை. பிளக்கை அசைத்தேன், ஒன்றுமில்லை. மரமுக்காலியில் உட்கார்ந்து எழுந்தேன், பத்து தடவையும் ஒன்றுமில்லை. என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன், பத்துக்கு நாலு தடவை கறுப்பு. அதே நாற்காலியை அறையின் அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய் எழுந்தேன், கறுப்பு இல்லை.

அப்பாவிடம் போனில் சொன்னபோது, "நாற்காலிக்கும் மானிட்டருக்கும் என்னம்மா சம்பந்தம், அன்னிக்கே ராத்திரி கண் விழிக்கிறியான்னு கேட்டார்ல அந்த ஓவியர் தம்பி" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. உயரத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் கேஸ் சிலிண்டர் வைத்த நாற்காலிகளில், நாம் எழும்போதும் உட்காரும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து நாற்காலியின் உலோகப் பாகங்களுக்கு இடையே சட்டென்று பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சல் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு ரேடியோ அலையாகப் பரவும். பக்கத்தில் ஷீல்டு, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் உலோகக் கவசம், சரியில்லாத கேபிள் இருந்தால் அது ஏரியல் மாதிரி அந்த அலையைப் பிடித்துக்கொள்ளும். மானிட்டருக்குச் சிக்னல் குழம்பிவிடும், விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்க இரண்டு வினாடி. ரேடியோ பக்கத்தில் ஸ்விட்ச் போட்டால் 'டப்' என்று சத்தம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அப்பாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "வர்றேன், அயனைச் சூடு பண்ணி வை" என்றார்.

இந்தத் தடவை நான்தான் அவரைத் தடுத்தேன். எச்டிஎம்ஐயை வெட்டி ஒட்டுவது வீட்டில் நடக்கிற காரியமில்லை. 19 தொடுமுனைகள் சுண்டுவிரல் நக அகலத்துக்குச் சற்று கூடுதலான இடத்தில் நெருங்கி நிற்கும். அதைக்கூடக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்துவிடலாம். வேகம்தான் சிக்கல். 4கே படம் வினாடிக்கு 60 தடவை போக வேண்டுமென்றால், வழக்கமான எட்டு பிட் நிறத்தில், படத்தைச் சுமக்கும் மூன்று இணை ஒயர்களில் ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 594 கோடி பிட். கேபிளுக்குள் சிக்னல் ஓடும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பிட்டின் நீளம் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் கேபிளுக்குள் எந்த நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக 50க்கும் மேற்பட்ட பிட்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். நான் அன்றைக்கு விஜிஏவில் உரித்து வைத்த மூன்று சென்டிமீட்டர், இங்கே கிட்டத்தட்ட ஒரு முழு பிட்டின் நீளம். ஒரு இணையின் முறுக்கைக் கொஞ்சம் பிரித்தாலே போச்சு.

டிஜிட்டல் கேபிள் கெடுவதும் வேறு மாதிரி. ஒரு நிறம் மங்குவதோ நிழல் விழுவதோ இருக்காது. ஒரு எல்லைவரை படம் அப்பழுக்கில்லாமல் வரும். எல்லையைத் தாண்டினால் மின்மினி மாதிரி அங்கங்கே புள்ளிகள் தெறிக்கும், கோடு கோடாக வரும், பிறகு மொத்தமாகக் கறுப்பு. என் கேபிள் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ரெசல்யூஷனை 1920க்கு 1080 ஆக்கிப் பார்த்தேன். வேகம் நாலில் ஒன்றாகக் குறையும். அன்று முழுக்க எத்தனை தடவை எழுந்தாலும் திரை அணையவில்லை. 4கேவுக்குத் திரும்பினேன், மறுபடி அணைந்தது. கேபிள் மேல் சந்தேகம் வந்தால் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இதுதான். ரெசல்யூஷனையோ ரிஃப்ரெஷ் ரேட்டையோ இறக்குங்கள், தொல்லை நின்றால் கேபிளைப் பாருங்கள்.

மாற்றுக் கேபிள் தேடும்போது ஒரு விஷயத்தில் எரிச்சலானேன். '2.0 கேபிள்', '2.1 கேபிள்' என்று கொட்டை எழுத்தில் விற்கிறார்கள். அந்த எண்கள் எச்டிஎம்ஐ விதிமுறையின் பதிப்பு எண்கள், கேபிளின் பெயர் அல்ல. கேபிளுக்கு உள்ளவை வகைப்பெயர்கள். ஹை ஸ்பீடு, அதற்கு மேல் பிரீமியம் ஹை ஸ்பீடு, அதற்கும் மேல் அல்ட்ரா ஹை ஸ்பீடு. 60 ஹெர்ட்ஸில் 4கேவுக்கு நடுவில் உள்ளது போதும், அது வினாடிக்கு 18 கிகாபிட், அதாவது 1,800 கோடி பிட், தாங்குவதாகச் சோதிக்கப்பட்டது. மேல் இரண்டு வகைக்கும் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டுச்சீட்டு இருக்கும். சோதனையில் மின்காந்தக் கசிவையும் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கசியவிடாத ஷீல்டு, வெளியிலிருந்து வருவதையும் தடுக்கும். தங்கமுலாம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். முலாம் துருப்பிடிக்காமல் காக்கும், படத்தை அழகாக்காது.

நீளம் ஒன்றரை மீட்டர் போதுமென்று அளந்து வாங்கினேன். முன்பிருந்தது மூன்று மீட்டர். மிச்சத்தைச் சுருட்டி நாற்காலிக்கு நேர் பின்னால் தொங்கவிட்டிருந்தேன், ஏரியலைச் சுற்றிக் கட்டி வைத்த மாதிரி. புதியதை மேசையின் பின்விளிம்போடு கொண்டுபோய், கணினி பக்கம் மடியாமல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளைவு விட்டு மாட்டினேன். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பழைய அகராதியை நிற்க வைத்திருக்கிறேன், பெட்டி அதற்கு மேல் பின்னால் போகாது. எழுந்தேன், உட்கார்ந்தேன், இருபது தடவை. பக்கத்து அறையிலிருந்து பார்த்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். திரை அசையவில்லை.

எச்டிஎம்ஐக்குப் பதில் டிஸ்ப்ளே போர்ட் என்ற இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. அந்த பிளக்கில் பெரும்பாலும் கொக்கி இருக்கும், மேலே உள்ள பட்டனை அமுக்கிவிட்டு இழுங்கள், நான் அமுக்காமல் இழுத்து ஒரு சாக்கெட்டையே ஆட்டிவிட்டேன். இன்னொன்று, அதன் 20ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. வழக்கமான கேபிளில் அது இரண்டு முனைக்கும் இடையே இணைந்திருக்கக் கூடாது. சில மட்டமான கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் ஏறி, கணினி தொடங்கவே அடம்பிடிக்கும். கேபிளைக் கழற்றினால் தொடங்கும். மல்டிமீட்டர் இருந்தால் பீப்பில் பார்த்துவிடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த டிராயரைக் காலி செய்தேன். ஒவ்வொரு கேபிளையும் மாட்டிப் பார்த்தேன். நல்லதற்கு ஒரு சீட்டு ஒட்டி, எங்கே மாட்டி எப்போது சோதித்தேன் என்று எழுதினேன். கெட்டதை முடிச்சுப் போட்டு வைக்கலாமென்று முதலில் நினைத்தேன். பிறகு என்னை எனக்குத் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன். அவசரத்தில் முடிச்சை அவிழ்த்து மாட்டிவிடுவேன். கட்டரை எடுத்து இரண்டு முனை பிளக்கையும் வெட்டினேன். பச்சை அறுந்த விஜிஏவின் பழைய முனை, சிவப்பு அறுந்த விஜிஏ, மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். எச்டிஎம்ஐயில் கட்டர் விழுந்தபோது, "மெதுவா, மெதுவா" என்றார், ஏதோ அதற்கு வலிக்கும் என்பது போல. குப்பைக்கூடையில் போட்டதும் குனிந்து கிளறினார். விஜிஏ கேபிளின் முனையில், எலியை விழுங்கின பாம்பு மாதிரி ஒரு புடைப்பு இருக்குமே, இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட், அது இருந்த துண்டைக் கண்டுபிடித்து, உறையைக் கிழித்து, உள்ளே இருந்த கறுப்புக் குழாயை எடுத்துத் துடைத்தார்.

"இது எதுக்குப்பா?"

"இருக்கட்டும்மா" என்று சொல்லித் தகர டப்பாவில் போட்டு மூடினார்.